பிடுங்கிய இடத்திலேயே மறுபடி கருவை: என்ன செய்யலாம்?

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி பக்கத்து வாசகர் கேட்டது, 2024 ஜூன் 2

"மூன்று ஏக்கர் புஞ்சை. அப்பா காலத்தில் மிளகாய் போட்ட நிலம். தரிசாகக் கிடந்து முழுக்கச் சீமைக்கருவை ஏறிவிட்டது. போன கோடையில் ஜேசிபி வைத்து மொத்தத்தையும் தள்ளி எரித்தோம். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. டீசல் ஊற்றச் சொல்கிறார்கள், கல்லுப்புப் போடச் சொல்கிறார்கள். இந்தச் சனியனுக்கு நிரந்தர வழியே கிடையாதா?"

ஜூன் 2, இரவு

நிரந்தர வழி என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் நிலத்துக்குப் போய் ஒன்று பார்த்துவிட்டு வாருங்கள். முளைத்து நிற்பவை ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு குச்சிகளாகக் கொத்தாகக் கிளம்பியிருக்கின்றனவா, ஒற்றை ஒற்றையாகப் பரவலாக நிற்கின்றனவா? கொத்தாக இருந்தால் அடியில் தூர் உயிரோடு இருக்கிறது. ஒற்றையாக இருந்தால் விதை முளைத்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தூர் விஷயம் இது: கருவையின் உயிர் கிளையிலும் இல்லை, ஆழ வேரிலும் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே, தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினாலும் எரித்தாலும் அவை விழித்துக்கொள்ளும். அந்தக் கழுத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்து எடுத்துவிட்டால் மிச்ச வேர் தானாக மக்கும். ஜேசிபிக்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குகிறார். வாளியால் மரத்தைத் தள்ளினால் அது கழுத்துக்கு மேலே முறியும். நிலம் சுத்தமானதுபோலத் தெரியும். அவர் அடுத்த வயலுக்குப் போய்விடுவார். மண் ஈரமாக இருக்கும்போது தூரைச் சுற்றித் தோண்டிச் சங்கிலி கட்டி இழுத்தால் முழுதாக வரும். கோடையில் நம்மூர்க் கரிசல் காய்ந்து இறுகிய நேரத்தில் இழுத்தால் முறியத்தான் செய்யும்.

ஜூன் 3

உப்பு, டீசல்: வேண்டாம். உப்புப் போட்டால் கருவை போகிறதோ இல்லையோ, மிளகாய் போய்விடும். ஏற்கெனவே கடலோரத்து உவர் மண். அந்த மண்ணிலும் தழைக்கிற மரத்தை உப்பைக் காட்டி மிரட்ட முடியாது.

டீசலை வெட்டிய கட்டையில் ஊற்றுவதைச் சிலர் செய்கிறார்கள், சில தூர் சாகவும் செய்கிறது. மூன்று ஏக்கருக்கு டீசல் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்கு ஆள் விட்டே தோண்டலாம்.

ஜூன் 5

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம். கடையில் கிடைக்கிறது என்பது வேறு கதை. வளர்ந்த கருவையின் இலை பொடிப்பொடியாக இருக்கும். மேலே அடிப்பதில் பாதி மண்ணுக்குத்தான் போகும். கண்மாய்க்குள் அடிக்கப்போகிறேன் என்று எழுதிய தம்பிக்கு: அந்தத் தண்ணீரைத்தான் ஊர் ஆடுமாடு குடிக்கும்.

ஜூன் 11

கடலாடிக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். இரண்டு வகையும் இருக்கிறது. ஓரத்தில் கொத்துகள். நடுவில் ஒற்றைகள், அதுவும் திட்டுத்திட்டாக. அந்தத் திட்டுகளைப் பார்த்தவுடன் கேட்டேன், ஆட்டுக்கிடை அமர்த்தினீர்களா என்று. ஆமாம், மரத்தைத் தள்ளிய பிறகு எருவுக்காக இருநூறு ஆடு.

விவரம் தெரியாதவர்களுக்கு: கருவை நெத்து, அதாவது அதன் முற்றிய காய், இனிப்பாக இருக்கும். வைகாசி, ஆனியில் பழுத்து உதிரும்போது நம்மூரில் வேறு பச்சையே கிடையாது. ஆடும் மாடும் அதைத்தான் தேடித் தின்னும். உள்ளே இருக்கும் விதைக்குக் கல் மாதிரி தோல். பல வருடம் மண்ணில் முளைக்காமல் கிடக்கும். குடல் வழியாகப் போய் வந்த விதைக்குத் தோல் இளகிவிடுகிறது, கூடவே எருவும் கிடைக்கிறது. கருவைக்கு நாம் செய்து கொடுக்கும் நாற்றங்கால் அது.

ஆடு ஓரளவு மென்று அரைத்துவிடும். மாட்டின் வழியாக முழு விதை அதிகம் வெளியே வரும். காட்டுப்பன்றி இன்னொரு வண்டி. ஆகவே ஆட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கிடை ஆடுதான் ஊர்விட்டு ஊர் போகிறது. நம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது கிடை ஆட்டுக்காரர்கள், அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர் வரை போகிறார்கள். நெத்து விழும் காலத்தில் இங்கே மேய்ந்து, மூன்றாம் நாள் டெல்டா வயலில் புழுக்கை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிடையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புஞ்சைக்கு அதைவிட நல்ல எரு இல்லை. நெத்துக் காலத்தில் வாங்காதீர்கள், அவ்வளவுதான். வாங்கியே ஆகவேண்டுமென்றால் மந்தையைச் சில நாள் ஒரே பொட்டலில் வைத்து, வைக்கோலோ தழையோ கொடுத்துக் குடல் காலியான பிறகு நிலத்துக்குள் விடச் சொல்லுங்கள். கீதாரி சிரிப்பார். அந்த நாட்களின் கூலியை யார் தருவது என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜூன் 12

மேலே உள்ளதற்குப் பின்னொட்டு. நெத்தை மாவாக அரைத்துத் தீவனமாகக் கொடுத்தால் விதை செத்துவிடும், சத்து மிஞ்சும். கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே இதே மரம் 1980-களில் நட்டது. மேய்ச்சல் நிலத்தை மூடி, நெத்தின் சர்க்கரையால் ஆட்டின் பல்லே கொட்டிப்போக, மக்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டுப் பல்லில்லாத ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். சாட்சிக்கூண்டில் ஏற்றினார்களா என்று கேட்காதீர்கள்.

நம்மூரில் அரைப்பதற்கு நெத்து காய்ந்து மொறுமொறுவென்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாகு மாதிரி ஆலையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் மில்காரர் ஒருமுறை போட்டுவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 20

வாட்ஸ்அப் குப்பையை இந்த இழைக்குள் கொட்டவேண்டாம். வந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில்.

காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பது கதை. மாடு மலடாகிறது என்பதும் கதை. வேர் 53 மீட்டர் போகும் என்பது பாதி உண்மை: அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் அந்த ஆழத்தில் கண்டது இதன் உறவுக்கார மரத்தின் வேர். உங்கள் வயலில் இருப்பதெல்லாம் அப்படிப் போவதில்லை. அடியில் வேறு எதுவும் முளைப்பதில்லை என்பது பெரும்பாலும் சரி. இலைச்சருகில் மற்ற விதைகளை முளைக்கவிடாத பொருள்கள் இருக்கின்றன. நிலத்தடித் தண்ணீரைக் குடிக்கிறது என்பதும் சரி, எல்லா மரமும் குடிப்பதுதான். இது வறண்ட மாதத்திலும் இலையோடு நின்று குடிக்கிறது.

மரத்தைத் திட்டப் பொய் தேவையில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைத்துக் கிடப்பதைப் பார்த்தாலே போதும்.

ஜூன் 21

"காமராசர் ஹெலிகாப்டரில் தூவினார்" என்று எழுதியவருக்கு: இது இந்தியாவுக்கு வந்தது 1870-களில். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. வறண்ட நாட்டில் விறகு வேண்டும் என்பது அன்றைய வனத்துறையின் கவலை. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே காரணத்துக்காக அரசுகள் பரப்பின. குஜராத்தில் 1961-ல் கட்ச் உப்புப் பாலை முன்னேறாமல் இருக்க பன்னி புல்வெளி ஓரம் நட்டார்கள். இப்போது அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி கருவைக்காடு. கெட்ட எண்ணத்தில் யாரும் நடவில்லை.

ஜூலை 7

"பூச்சி விட்டு ஒழிக்க முடியாதா?" இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் ஊரில் அப்படி ஒழிந்த செடி ஒன்று உண்டு. சப்பாத்திக்கள்ளி. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கொச்சினீல் சிவப்புச் சாயத்தின்மேல் ஆசை. அந்தச் சாயம் தரும் பூச்சி கள்ளியில் வாழும். சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் அதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பூச்சியும் வந்தது, ஆனால் தவறான இனம். சாயம் தேறவில்லை. அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று 1830-களில் தென்னிந்தியாவில் பெருமளவு அழித்துவிட்டது. வேறொரு கள்ளியை அது தொடவே இல்லை. அந்தக் கள்ளி வயல், வேலி, மேய்ச்சல் எல்லாம் பரவியது. 1926-ல் அதற்கேற்ற இன்னொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். சில வருடங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கள்ளி வாடி விழுந்தது.

எங்கள் அப்பத்தா சிறுமியாக இருக்கும்போது கள்ளிமேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்குமாம், நசுக்கினால் கை சிவக்குமாம். மருதாணி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் மருதாணி என்பார். கள்ளி போன வேலியில்தான் கருவை வந்தது என்றும் அவரே சொல்வார்.

கருவைக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை? இரண்டு தடை. ஒன்று, வன்னி. நம் கோயில் மரமான வன்னி கருவைக்கு நெருங்கிய சொந்தம். கருவையைத் தின்ன வந்த பூச்சி வன்னியைத் தின்னாது என்று யார் உறுதி தருவது? இரண்டு, கள்ளியை வைத்து யாரும் பிழைக்கவில்லை. கருவையை வைத்து இந்த மாவட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் அடுப்பெரிகிறது. தென்னாப்பிரிக்காவிலும் இதே சிக்கல் இருந்ததால் மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் தின்னும் வண்டை 1987-ல் விட்டார்கள். மரமும் இருக்கட்டும், பரவவும் வேண்டாம் என்ற சமரசம். வண்டு போய்ச் சேர்வதற்குள் ஆடுமாடு நெத்தைத் தின்றுவிடுவதால் பெரிய பலன் இல்லை.

ஜூலை 8

மற்ற களைகளுக்குப் பூச்சி உண்டா என்பவர்களுக்கு: ஆகாயத்தாமரைக்கு நியோகெட்டினா வண்டு, பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டு, இரண்டும் 1980-களில் பெங்களூரில் விட்டவை. பார்த்தீனிய வண்டு மழைக்காலத்தில் நன்றாகத் தின்னும், கோடையில் மண்ணுக்குள் தூங்கிவிடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஜூலை 26

இனி ஏலம். இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன், எழுதினால் உள்ளூரில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவையை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் வெட்டி, விறகாகவோ கரிமூட்டம் போட்டோ விற்றுக்கொள்வார். மரத்துக்கு அவர் பணம் கட்டுகிறார். தூரைத் தோண்ட ஆகும் கூலி தூர்க்கட்டையின் விலையைவிட அதிகம். அதனால் தரையோடு வெட்டிவிட்டுப் போகிறார். அடுத்த மழையில் தூர் தழைக்கிறது. மூன்று நான்கு வருடத்தில் கை கனம், கால் கனம் ஆனதும் மறுபடி ஏலம். ஊருக்கும் வருமானம், எடுத்தவருக்கும் வருமானம், மூட்டம் போடுபவர்களுக்கும் வேலை. கண்மாய் மட்டும் தூர்ந்துகொண்டே போகிறது. யாரும் திருடவில்லை, ஏலத்தாளில் வெட்ட என்றுதான் இருக்கிறது, பிடுங்க என்று இல்லை.

பத்திரிகையில் "கருவை அகற்றப்பட்டது" என்று வரும் படங்களை உற்றுப் பாருங்கள். தரையில் தூர் தெரியும்.

எடுத்தவரின் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, அடுத்த தை மாதம் போய்ப் பார்த்து, தழை இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஏலத்தொகை குறையும். குறையட்டும்.

ஜூலை 28

கமுதி பக்கம் மூட்டம் போடும் ஓர் அக்கா எழுதியது: "கருவையை ஒழிச்சா எங்களை எங்க ஒழிக்கிறதா உத்தேசம்? மழை பேஞ்சா வெள்ளாமை, பேயலைன்னா மூட்டம். பேயாத வருசம்தான அதிகம்."

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. வைகோ போட்ட வழக்கில் 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவால் ஊரூராக மரம் பிடுங்கும் திருவிழா நடந்தது. வெறுத்துப்போன வேகத்தில் என் சொந்தக்காரர்கள் சிலர் மாற்று யோசனை இல்லாமல் நிலத்தை மொட்டையாக்கினார்கள். அந்த வருடமே சென்னையில் முதன்மை அமர்வு இடைக்காலத் தடை போட்டது. மொட்டையான நிலத்தில் மறுபடி என்ன வந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

ஆக, ஒழிப்பு என்ற சொல்லை நானும் விட்டுவிடுகிறேன். எங்கே இருக்கக்கூடாது, எங்கே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிரிக்கலாம். வரத்துக்கால், கண்மாயின் மடை, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு, பயிர் செய்ய ஆள் இருக்கும் பட்டா நிலம்: இங்கே கூடாது. எதுவும் விளையாத உவர்ப் பொட்டல், ஊர்ப் புறம்போக்கு: அங்கே மூட்டத்துக்கு முறை வைத்து வெட்டிக்கொள்ளட்டும், நெத்துக் காலத்தில் மட்டும் மாடு போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஜூலை 29

பறவைகளை மறந்துவிட்டீர்களே என்று சித்திரங்குடி நண்பர். சரிதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாரையும் கொக்கும் கருவேலத்தில் கூடு கட்டுகின்றன, நாட்டு மரமா சீமையா என்று சாதி பார்ப்பதில்லை. 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடங்கள் அவை. அங்கே ஒரே கோடையில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டால் மார்கழியில் வரும் பறவை எங்கே உட்காரும்? நாட்டுக்கருவேலக் கன்று வளர்ந்து கிளை பரப்பும்வரை சீமைக்கருவையை விட்டுவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும்.

ஆகஸ்ட் 15

விடுமுறை, எழுத நேரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்டதற்கு.

எல்லாரும் அடர்ந்த காட்டின் நடுவில் தொடங்குகிறார்கள். அதுதான் கண்ணை உறுத்துகிறது, படம் எடுக்கவும் நன்றாக இருக்கிறது. காசெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். நான் செய்வது தலைகீழ். இன்னும் ஏறாத நிலத்தில் ஒன்றிரண்டாக நிற்கும் மரங்களை முதலில் எடுக்கவேண்டும், அவை காய்க்கும் முன். அடுத்து வரத்துக்காலின் மேல்பகுதி, ஏனென்றால் நெத்து தண்ணீரில் மிதந்து கீழே வரும். கண்மாயைச் சுத்தம் செய்துவிட்டு வரத்துக்காலை விட்டால் முதல் வெள்ளமே விதை கொண்டுவந்து கொட்டும். அடர்ந்த காட்டுக்குக் கடைசியில் போகலாம், அதுவும் அடுத்த பருவம் விதைக்க முடிந்த அளவு மட்டும். மூன்று ஏக்கரை ஒரே வருடம் தள்ளாதீர்கள். விதைக்க உழவும் ஆளும் இருக்கும் ஒரு ஏக்கரைத் தள்ளுங்கள்.

வெறும் மண்ணும் வெயிலும் கிடைத்தால் கருவைதான் முதலில் வரும். நிழல் அதற்கு ஆகாது. குதிரைவாலியோ சோளமோ நெருக்கமாக விதைத்தால் அடியில் முளைக்கும் கன்று நோஞ்சானாக நிற்கும், களை எடுக்கும்போது கையோடு வரும். பயிருக்கு விலை கிடைக்காமல் தரிசாகப் போட்ட நிலத்தில் கருவை ஏறியது; பயிர் திரும்பினால்தான் இறங்கும். நான் கருவை ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் விடாமல் விதைக்கும் நிலத்துக்குள் கருவை நிற்பதை நான் பார்த்ததில்லை, எல்லாம் வரப்பிலும் பக்கத்துத் தரிசிலும்தான்.

ஆகஸ்ட் 18

நீலகிரிக் கூடலூரிலிருந்து ஒருவர் உண்ணிச்செடி (லாண்டானா) பற்றிக் கேட்கிறார். தெரிந்த அளவு: டெல்லிப் பல்கலைப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழு சொன்ன முறையில் தழைக்கும் பகுதிக்குக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டரில் வேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். கருவைக்குச் சொன்ன அதே கழுத்துக் கணக்கு, ஆழம் குறைவு. மழைக்கு முன் செய்யவேண்டும், பிறகு புல் விதைக்கவேண்டும், பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் மரங்களடியில் மறுபடி மறுபடி பார்க்கவேண்டும்.

உங்கள் பக்கத்துப் பழங்குடிகள் உண்ணிக்குச்சியில் செய்யும் ஆளுயர யானைகள் லண்டன், அமெரிக்கா வரை போயின, மகிழ்ச்சி. முதுமலையில் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா மரத்தைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கூழுக்கு எடுக்கிறது. 2022-ல் மாநில அரசு அயல் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. நல்லதுதான். ஒரு சந்தேகம் மட்டும்: களையை நம்பி ஆலை ஓட ஆரம்பித்தால் களை தீர்ந்துபோவதை யார் விரும்புவார்? எங்கள் கண்மாய் ஏலத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறேன்.

ஆகஸ்ட் 19

நேற்றைய சந்தேகத்துக்குக் கூடலூர்க்காரரின் பதில்: "உண்ணி தீர்ந்துபோகும் நாள் வந்தால் நாங்கள் யானையை மூங்கிலில் செய்துகொள்கிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள்." சரி, தோற்றேன். பெரிய ஆலைக்கு வேண்டுமானால் என் சந்தேகம் பொருந்தும், கைத்தொழிலுக்குப் பொருந்தாது.

நவம்பர் 27

20-ம் தேதி ராமேஸ்வரம் பக்கம் கொட்டித் தீர்த்தது. எங்களுக்கும் நல்ல மழை. மண் வெண்ணெய்போல இருக்கிறது. கன்று பிடுங்க இதுதான் நேரம். இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வரும், தை பிறந்தால் மண்வெட்டி வேண்டும், சித்திரைக்கு ஜேசிபி. கூலி ஏறும் வேகத்தைப் பாருங்கள்.

கடலாடிக்காரர் ஓர் ஏக்கரில் குதிரைவாலி விதைத்திருக்கிறார். மிச்சம் இரண்டில் கருவை அப்படியே. பக்கத்து நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறாராம், அவர் நிலத்து நெத்து இவர் நிலத்தில் விழுகிறது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. வேலி ஓரம் இரண்டு ஏர் அகலம் உழுதுபோட்டு வருடாவருடம் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

நவம்பர் 28

முள் குத்திய கால் வீங்கினால் என்ன செய்வது என்பதற்கு: டாக்டரிடம் போங்கள். முள் உள்ளே ஒடிந்து தங்கிச் சீழ் பிடிக்கும். எருக்கம்பால் வைக்கச் சொன்ன அண்ணன் முதலில் தன் காலைக் காட்டட்டும்.

2025 பிப்ரவரி 9

எங்கள் கண்மாய் ஏலம் வரப்போகிறது என்று பேச்சு. நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி நாங்கள் சிலர் எழுதியது இது. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஓட்டை தெரிந்தால் சொல்லுங்கள்:

"ஏலம் எடுப்பவர் மரத்தை வேர்க்கழுத்துடன், தரைமட்டத்திலிருந்து ஓர் அடிக்குக் குறையாத ஆழத்தில் தோண்டி அகற்றவேண்டும். வரத்துக்காலின் மேல்முனையிலிருந்து வேலை தொடங்கவேண்டும். நெத்து உதிரும் முன் முடிக்கவேண்டும். நாட்டுக்கருவேலம், பனை, மருது ஆகியவற்றைத் தொடக்கூடாது. கூடுள்ள மரத்தைக் கூடு காலியாகும்வரை வெட்டக்கூடாது. தோண்டிய குழியை மூடவேண்டும். முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த தை மாதம் ஊரார் முன்னிலையில் பார்வையிட்டு, தழைத்த தூருக்கு ஏற்பக் கழித்துக்கொண்டு திருப்பித் தரப்படும்."

"ஊரார்" என்றால் யார் யார் என்று எழுதவில்லை. அதில்தான் இரண்டு கூட்டமாகச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.